நிலாவுக்குப் பத்து நிமிடம்

சமநிலைக் குழு அந்த நிலாவைப் பற்றி மொத்தம் பதினொரு மணி நேரம் நாற்பது நிமிடம் பேசியிருந்தது. கூட்டங்கள் எல்லாம் பகலில் நடந்ததால் நிலாவை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லை என்பதால் அது ஒரு குறையாகவும் படவில்லை.

கூட்டம் நடந்த பள்ளி மேடவாக்கத்தில், வேங்கைவாசல் போகும் சாலையில் இருக்கிறது. தாளாளர் சம்பத்தின் குடும்பம் முன்பு அந்த இடத்தில் நெல் போட்டது. இப்போது நான்கு மாடி போட்டிருக்கிறது.

தேசிய விழுமியக் கல்வி மன்றம் என்ற அமைப்பு நாடு முழுவதும் உள்ள பள்ளிகளுக்குச் சமநிலைச் சான்றிதழ் கொடுக்கிறது. மதச்சார்பின்மையும் மதமும் ஒரு பள்ளிக்குள் சம எடையில் இருக்க வேண்டும் என்பது மன்றத்தின் கொள்கை. எல்லா மதங்களையும் ஒரே ஆண்டில் நிறுத்துப் பார்க்க அதனிடம் ஆள் இல்லை. அதனால் ஆண்டுக்கு ஒரு மதத்தை எடுத்துக்கொள்கிறது. இந்த ஆண்டு இஸ்லாம்.

பள்ளியில் எண்ணூறு மாணவர்கள் இருந்தார்கள். அதில் முஸ்லிம் ஒருத்திதான், பதினொன்றாம் வகுப்பு சுமையா. மன்றத்தின் சுற்றறிக்கை வந்த வாரமே அவளுடைய படம் சேர்க்கை விளம்பரத்தில் வந்தது. பிறகு பள்ளி பஸ்ஸின் பின்பக்கத்தில் வந்தது. காலை வழிபாட்டில் அவளை வரிசையின் நடுவில் நிறுத்தினார்கள். ஓரத்தில் நின்றால் பள்ளி ஒரு பக்கமாகச் சாய்வது போல் தெரிகிறது என்றார் முதல்வர் மெட்டில்டா. சுமையா காய்ச்சலில் இரண்டு நாள் வராமல் போனபோது, மெட்டில்டா அவளுடைய அப்பா ஜாஃபருக்கு போன் செய்தார்.

"சார், உங்க பொண்ணு இல்லாம ஸ்கூல் பேலன்ஸ்லயே இல்லை."

"மேடம், அவளுக்கு நூத்தி ரெண்டு கீது."

"புரியுது சார். சும்மா வந்து உட்கார்ந்தா போதும். பாடம் கவனிக்க வேண்டாம்."

இதையெல்லாம் சுமையா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸின் பின்னால் வரும் தண்ணீர் லாரிக்காரர்கள் தன்னைப் பார்த்து ஹாரன் அடிப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். அவளுடைய கவனம் வேறொன்றில் இருந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு மன்றம் ஓர் அறிவியல் தேர்வு நடத்துகிறது. அதில் தேறுகிறவர்களைக் கல்லூரி முடியும்வரை மன்றமே படிக்க வைக்கும். ஒருவர் வாழ்நாளில் ஒரு முறைதான் எழுதலாம். சுமையா ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதற்காகப் படித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வை ஒரு சனிக்கிழமை வைத்தார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ரமலான் நோன்பின் இருபத்தொன்பதாம் நாள். அன்று மாலை பிறை தெரிந்தால் சனிக்கிழமை பெருநாள். தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

மன்றத்திடம் இதற்கு ஒரு விதி இருந்தது. பண்டிகை நாளில் அந்த மதத்து மாணவரைத் தேர்வு எழுத வைப்பது விழுமியக் குறைவு. ஆகவே அவருக்கு அன்று கட்டாய விழுமிய விடுப்பு. விடுப்பில் இருப்பவர் தேர்வுக்கு வராதவர். வராதவருக்கு மறுதேர்வு கிடையாது. ஒரு விலக்கு மட்டும் இருந்தது. முந்தைய நாள் மாலை ஏழு மணிக்குள் பிறை தெரிந்தது என்று பள்ளியின் சமநிலைக் குழு உறுப்பினர் ஒருவர் வாயால் சொல்லி, அந்தக் குரலைப் பதிவு செய்தால், அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தேர்வு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும்.

குழுவில் ஒருவர் சொன்னால் சுமையா எழுதலாம். யாரும் சொல்லாமல் விட்டு, ஊர் பெருநாள் கொண்டாடினால், எழுத முடியாது.

ஜாஃபர் ஏசி மெக்கானிக். விதியைக் கேள்விப்பட்டதும் வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கு வந்து, முதல்வர் அறையில் நின்றார்.

"இன்னா மேடம் இது? பெருநாள்னா காலைல தொழுவோம், பிரியாணி துன்னுவோம், மத்தியானம் தூங்குவோம். பரீட்சை பத்து மணிக்கு. தொழுதுட்டு நேரா வந்து எழுதிட்டுப் போவா. எங்க ஜமாத்துல யாருமே வேணாம்னு சொல்லலை. உங்களுக்கு இன்னா பேஜாரு?"

"உங்க மதத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம் சார்."

"மதிங்க மேடம். அவ எழுதட்டும்."

"எழுத விட்டா மதிக்கலைன்னு ஆயிடும் சார்."

ஜாஃபர் சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்தார். "கேஸ் கம்மியா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழுவில் நான்கு பேர். தாளாளர் சம்பத், முதல்வர் மெட்டில்டா, மன்றத்தின் ஆய்வாளர் ஜீவரத்தினம், இயற்பியல் ஆசிரியை ஜெரூஷா. ஜெரூஷா வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை. அஸ்தினாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. குழுவில் சேர்க்கும்படி அவள் கேட்கவில்லை.

"நிலா உங்க சப்ஜெக்ட்தானே?" என்றார் மெட்டில்டா. "அது மட்டும் இல்லை. நீங்க கிறிஸ்டியன். இந்த வருஷம் நீங்க எந்தப் பக்கமும் இல்லை."

"நீங்களும் கிறிஸ்டியன்தானே மேடம்?"

"நான் முதல்வர்" என்றார் மெட்டில்டா.

சுமையாவும் எல்லாக் கூட்டத்துக்கும் வர வேண்டும். ஆனால் பேசக் கூடாது. அவள் குழுவின் உறுப்பினர் அல்ல, எடை.

முதல் கூட்டத்தில், நிலா மதச்சார்பற்ற பொருளா அல்லவா என்று பேசினார்கள். ஆய்வாளர் ஜீவரத்தினம் பள்ளிக்கரணையில் குடியிருந்தார். வரும்போது சொந்தமாக ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவருவார். டீ என்றால் டீ பக்கம், காபி என்றால் காபி பக்கம் என்று ஆகிவிடும் என்பது அவர் கருத்து. கூட்டத்தின் முடிவில் அவரே தீர்மானத்தைச் சொன்னார். நிலா மதச்சார்பற்றது. பிறை மதச்சார்புள்ளது. பௌர்ணமி அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்.

இரண்டாவது கூட்டத்தில் ஜெரூஷா பலகையில் ஒரு படம் வரைந்தாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்த பிறகு நிலா முக்கால் மணி நேரம் மேற்கு வானத்தில் இருக்கும் என்று விளக்கினாள். சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையில் ஒரு கோணம் குறித்தாள்.

சம்பத் கையைத் தூக்கினார். "மேடம், இந்தக் கோணம் எந்தப் பக்கம்?"

"மேற்குப் பக்கம் சார்."

"அது இல்லை. செக்குலரா, இஸ்லாமா?"

ஜெரூஷா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "பன்னிரண்டு டிகிரி சார்."

"ரெட்டைப்படை. நல்லது" என்றார் சம்பத். "ரெண்டு பக்கமும் ஆறு ஆறு போயிடும்."

"மேகம் இல்லைன்னா வெறும் கண்ணுக்கே தெரியும்" என்றாள் ஜெரூஷா.

ஜீவரத்தினம் ஃபிளாஸ்க் மூடியைக் கீழே வைத்தார். "தெரியும்னு சொல்லாதீங்கம்மா. அது ஒரு பக்கம்."

"தெரியாதுன்னு சொல்லணுமா சார்?"

"அது இன்னொரு பக்கம்."

"வேற என்ன சொல்றது சார்?"

"அதுக்குத்தானே கூட்டம்."

மூன்றாவது கூட்டம் மதச்சார்பற்ற நாளைப் பற்றியது. பெருநாளுக்கு ஒரு நாள் விடுமுறை விட்டால் தட்டு ஒரு பக்கம் இறங்கும். அதைச் சரிசெய்ய, எந்தப் பண்டிகையும் இல்லாத ஒரு நாளைப் பள்ளி கொண்டாட வேண்டும். கொண்டாட்டம் என்பதும் பண்டிகை போலத் தொனிப்பதால், அனுசரிக்க வேண்டும் என்று திருத்தினார்கள். புதன்கிழமை முடிவானது. அன்று மாணவர்கள் எந்தப் பண்டிகையையும் நினைவூட்டாத டிபன் கொண்டுவர வேண்டும் என்று பெற்றோருக்கு வாட்ஸாப்பில் செய்தி போனது.

இட்லி கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டார். தீபாவளிக் காலை இட்லிதான் என்று இன்னொருவர் பதில் போட்டார். சேமியா கூடாது. கேக் கூடாது. பொங்கலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிரெட் சரியென்று வந்தது. பிரெட் தங்கள் திருச்சபையில் நற்கருணை என்று பிளஸ்ஸியின் அம்மா எழுதினார். தயிர்சாதம் பெருமாள் கோவிலில் கொடுப்பது என்று உதயாவின் அப்பா எழுதினார். கடைசியில் கிரீம் இல்லாத பிஸ்கட் என்று முடிவானது. புதன்கிழமை எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் ஆளுக்கொரு பொட்டலம் பிஸ்கட்டைப் பிரித்து, எதையும் நினைக்காமல் சாப்பிட்டார்கள். சுமையா நோன்பு என்பதால் சாப்பிடவில்லை. அவளுக்குப் பதிலாக வகுப்பு ஆசிரியர் இரண்டு பொட்டலம் சாப்பிட்டார்.

கடைசிக் கூட்டம் தொலைநோக்கியைப் பற்றியது. பள்ளியில் ஒன்றுதான் இருந்தது. மாலை முழுவதும் அதை நிலாவின் பக்கமே திருப்பி வைத்தால் மன்றம் கேள்வி கேட்கும் என்றார் ஜீவரத்தினம். நிலாவுக்குப் பத்து நிமிடம், நிலா இல்லாத பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று தீர்மானித்தார்கள்.

"சார், நிலா முக்கால் மணி நேரம்தான் இருக்கும். அதுக்கப்புறம் மறைஞ்சிடும்" என்றாள் ஜெரூஷா.

"நிலா இல்லாத பக்கத்துக்கும் அதே முக்கால் மணி நேரம்தானேம்மா?" என்றார் சம்பத். "யாருக்கும் அநியாயம் இல்லையே."

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது சுமையா ஜெரூஷாவின் பின்னால் வந்தாள்.

"மிஸ், நான் லீவே கேட்கலை."

"தெரியும்."

"வேணாம்னு எழுதிக் குடுத்தா?"

"கேட்டுப் பார்த்தேன். விழுமியத்தை வேண்டாம்னு சொல்ல மாணவிக்கு உரிமை இல்லையாம்."

சுமையா இரண்டு படி இறங்கினாள். "அன்னைக்கு மேகம் வந்துட்டா நல்லா இருக்கும்ல மிஸ்? பிறை தெரியலைன்னா ஞாயித்துக்கிழமைதான் பெருநாள். நான் சனிக்கிழமை எழுதிடுவேன்." பிறகு, "பெருநாள் லேட்டா வரணும்னு துஆ கேட்கிற முதல் ஆள் நான்தான். அல்லாஹ் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?" என்றாள். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேகம் வரவில்லை.

மொட்டைமாடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆய்வாளர் மேல் மேற்கு வெயில் படக் கூடாதென்று மேற்குப் பக்கம் முழுவதும் துணி கட்டியிருந்தார்கள். ஜெரூஷா அதை அவிழ்க்கச் சொன்னாள். பாதி அவிழ்த்தார்கள். நடுவில் ஸ்டூல் மேல் ஜீவரத்தினத்தின் போன் இருந்தது. குரல் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பேசும் முன் ஒவ்வொருவரும் பெயரும் பதவியும் சொல்ல வேண்டும்.

சூரியன் மறைந்தது. தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. சுமையா பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஜீவரத்தினம். "இது பதிவு நேரத்துல நடக்குது. ஒருத்தர் மதத்தோட சாப்பிட்டா, இன்னொருத்தர் மதம் இல்லாம சாப்பிடணும்."

சம்பத் தனக்குச் சர்க்கரை என்றார். மெட்டில்டாவின் கைப்பையில் புதன்கிழமை பிஸ்கட் ஒன்று மிச்சம் இருந்தது. அவர் எழுந்து நின்று அதைச் சாப்பிட்டார். சுமையா தண்ணீர் குடித்தபோது அவரும் தண்ணீர் குடித்தார்.

முதல் பத்து நிமிடம் தொலைநோக்கி மேற்கே இருந்தது. தாம்பரம் பக்கத்து வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பத்து நிமிடத்துக்கு ஜெரூஷா அதைக் கிழக்கே திருப்பினாள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் ஒரு பறவை போனது. ஜீவரத்தினம் குனிந்து பார்த்தார். "ஆய்வாளர் ஜீவரத்தினம். மதச்சார்பற்ற பக்கத்தில் ஒரு பறவை தெரிகிறது" என்று போனிடம் தெளிவாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இல்லை.

தொலைநோக்கி கிழக்கே இருக்கும்போதுதான் ஜெரூஷா சும்மா மேற்கே திரும்பினாள். இரண்டு அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் பார்த்தாள். பிறகு பார்வையைத் தொலைநோக்கிக்குக் கொண்டுவந்தாள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சுமையாவும் அந்த இடத்தைப் பார்த்தாள். "மிஸ்" என்றாள்.

"எடை பேசக் கூடாது" என்றார் ஜீவரத்தினம். அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவரும் திரும்பினார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு நாற்காலியைக் கிழக்கு நோக்கித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

சம்பத் திரும்பினார். "அந்த ஃபிளாட்டு நம்ம மாமன் இடம்" என்றார். "போர் எழுநூறு அடி போட்டாங்க. தண்ணி இல்லை." அதன் பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு ஆழ்துளைக் கிணற்றைப் பற்றியே பேசினார்.

மெட்டில்டா திரும்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"சார், தொலைநோக்கியை மேற்கே திருப்பட்டுமா?" என்று கேட்டாள் ஜெரூஷா.

"இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருக்கும்மா. அந்தப் பக்கத்துக்கு உள்ளதை நாம எடுக்கக் கூடாது."

நான்கு நிமிடமும் அவர்கள் பள்ளிக்கரணையைப் பார்த்தார்கள். அங்கே இருட்டத் தொடங்கியிருந்தது. மேற்கின் முறை வந்தபோது ஜீவரத்தினம் தொண்டையைச் செருமினார். முறையைத் தொடங்கும் முன் ஒரு வார்த்தை பேச விரும்பினார்.

"முப்பத்திரண்டு வருஷமா நான் சமநிலையில இருக்கேன். என் மேல ஒரு புகார் கிடையாது. ஏன்? நான் ஒரு முடிவும் எடுத்ததில்லை. முடிவுன்னு ஒண்ணு எடுத்தா அது ஒரு பக்கம் போய் விழுது. பிறை தெரிஞ்சதுன்னு ஒருத்தர் சொன்னா, மதத்துக்குச் சாஞ்சுட்டார்னு அவர் பேர் மன்றத்துல ஏறும். தெரியலைன்னு சொன்னா, மதத்துக்கு எதிரா சாஞ்சுட்டார்னு ஏறும். அதனாலதான் நல்ல அதிகாரி மேல பார்க்கிறதே இல்லை. பார்க்காதவனை யாரும் எதுவும் கேட்க முடியாது. பிள்ளைங்களுக்கு நாம கத்துக்குடுக்க வேண்டியதும் அதுதான்."

சம்பத் கைதட்டினார். கைதட்டல் போனில் பதிவானது.

"எனக்கும் எல்லா மதமும் சம்மதம்" என்றார் சம்பத். "தாளாளர் சம்பத். மதத்துக்கு ஒரு பிள்ளை இருந்தா போதும். ரெண்டு பஸ் இருக்கு, ரெண்டு படம் ஒட்டலாம்."

தீர்மானத்தை ஜீவரத்தினம் முன்பே தயார் செய்திருந்தார். "பிறை தெரிந்திருக்கக்கூடும் என்பதைக் குழு மறுக்கவில்லை. தெரியாமல் இருந்திருக்கக்கூடும் என்பதையும் குழு மறுக்கவில்லை. குழு இரண்டையும் மதிக்கிறது." சம்பத் ஆமோதித்தார். மெட்டில்டா ஆமோதித்தார்.

"அப்ப நாளைக்குத் தேர்வு சார்?" என்றாள் ஜெரூஷா.

"நாளைக்கே நடக்கும்."

"சுமையா?"

"ஊர் என்ன சொல்லுதோ அதை மதிப்போம். பெருநாள்னா அந்தப் பிள்ளைக்கு விடுப்பு. நாம யாரையும் தடுக்கலையேம்மா. சும்மா இருக்கோம்."

சுமையா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பேரீச்சங்கொட்டையைக் கைக்குள் வைத்து மூடியிருந்தாள்.

மெட்டில்டா நாற்காலியை ஜெரூஷாவின் பக்கம் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆமோதிக்கிறேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஏழு ஆகப் போகுது."

"மேடம், நீங்களும்தான்…"

"உங்க கன்ஃபர்மேஷன் ஃபைல் என் டேபிள்ல இருக்கு ஜெரூஷா. நான் மிரட்டலை. அது இருக்கிற இடத்தைச் சொன்னேன்."

"பேர், பதவி, ஆமோதிக்கிறேன்" என்றார் ஜீவரத்தினம், கிழக்கே பார்த்தபடி.

ஜெரூஷா எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். ஸ்டூலுக்கு அருகில் போய்ப் போனைக் கையில் எடுத்தாள். எடுக்கலாமா கூடாதா என்று விதியில் எதுவும் இல்லை. நேரம் இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"ஜெரூஷா. இயற்பியல் ஆசிரியை" என்றாள். அது கேட்டிருக்காது என்று தோன்றியதால் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"பிறை தெரியுது. கால் மணி நேரமா தெரியுது. இங்கே இருக்கிற அஞ்சு பேரும் பார்த்துட்டோம்."